வண்டிக்கு இருக்கிறது, வீட்டுக்கு?

சென்னையில் 2015 டிசம்பர் வெள்ளம் வடிந்ததும் பொதுக் காப்பீட்டு நிறுவனங்களிடம் வந்து குவிந்த இழப்பீட்டுக் கோரிக்கைகளின் மதிப்பு 5,000 கோடி ரூபாயை நெருங்கியது. பெரும்பகுதி தொழிற்கூடங்களும் கடைகளும் வாகன உரிமையாளர்களும் கேட்டது. வேளச்சேரி, முடிச்சூர், ஜாஃபர்கான்பேட்டை என்று தரைத்தளம் மூழ்கிய வீடுகளிலிருந்து வந்த கோரிக்கைகள் சொற்பம். சேதம் கண்ணெதிரே கிடந்தது. கேட்கத்தான் பாலிசி இல்லை. பீரோ, கட்டில், ஃபிரிட்ஜ், வாஷிங் மெஷின் எல்லாம் குப்பை லாரியில் ஏறின. அந்த வீடுகளின் வாசலில் நின்ற பைக்குகள் பலவற்றுக்கு இன்ஷூரன்ஸ் இருந்தது.

இந்தியாவில் பொதுக் காப்பீடு வளர்ந்த விதமே இப்படித்தான். 2023-24ஆம் ஆண்டில் இந்தச் சந்தையின் பிரீமியம் வசூல் சுமார் 2.9 லட்சம் கோடி ரூபாய். ஆனால் நாட்டின் மொத்த உற்பத்தியோடு வைத்துப் பார்த்தால் அது 1 சதவீதம் அளவுதான். அதிலும் மருத்துவமும் வாகனமும் மட்டுமே ஏறத்தாழ 70 சதவீதத்தை எடுத்துக்கொள்கின்றன. தீக் காப்பீடு என்ற கணக்கில் வருவது பெரும்பாலும் ஆலைகளும் கிடங்குகளும் கட்டும் பணம். குடியிருக்கும் வீட்டுக்கென்று தானாக முன்வந்து பாலிசி எடுப்பவர்கள் மிகக் குறைவு.

1973இல் 107 நிறுவனங்களை அரசு எடுத்துக்கொண்டு நான்காகச் சுருக்கியது. அவற்றில் யுனைடெட் இந்தியா சென்னையைத் தலைமையிடமாகக் கொண்டது. 2000க்குப் பிறகு தனியாரும் வந்தார்கள். இத்தனைக்குப் பிறகும் சட்டம் கேட்டதை, வங்கி கேட்டதை மட்டுமே நாம் வாங்கிக்கொண்டிருக்கிறோம். மருத்துவக் காப்பீடு ஒன்றுதான் விதிவிலக்கு. ஆஸ்பத்திரி பில் கற்றுக்கொடுத்த பாடம் அது. சட்டம் கட்டாயமாக்கிய மூன்றாம் நபர் காப்பீடுகூடச் சாலையில் ஓடும் வண்டிகளில் ஏறக்குறைய பாதிக்கு இல்லை என்றால், யாரும் கட்டாயப்படுத்தாத வீட்டைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை.

வீட்டுப் பாலிசியைப் பற்றிச் சொல்லாத ஏஜென்ட்டை மட்டும் குறை சொல்வது நியாயமாகாது. ஒரு சாதாரண வீட்டுக்கான ஆண்டு பிரீமியம் பெரும்பாலும் ஒரு பைக்குக்குக் கட்டும் அளவைத் தாண்டாது. அதில் கிடைக்கும் கமிஷனுக்காக வீடு தேடிவந்து, உட்கார்ந்து விளக்கிச் சொல்ல அவருக்குக் கட்டுப்படியாகாது.

இத்தனைக்கும் நல்ல பாலிசி ஒன்று கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிறது. 2021 ஏப்ரல் முதல் வீட்டுத் தீக் காப்பீடு விற்கும் எல்லாப் பொதுக் காப்பீட்டு நிறுவனங்களும் ‘பாரத் கிருஹ ரக்ஷா’ என்ற ஒரே வடிவப் பாலிசியைத் தர வேண்டும் என்று காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் விதித்தது. தீ, இடி, புயல், வெள்ளம், நிலநடுக்கம், நிலச்சரிவு, கலவரம் எல்லாம் இதில் அடங்கும். கட்டடத்துக்கு எடுத்தால், அந்தத் தொகையில் 20 சதவீதம், அதிகபட்சம் 10 லட்சம் ரூபாய் வரை, வீட்டுச் சாமான்களுக்கும் தானாகச் சேர்ந்துவிடும். நகை போன்றவற்றுக்குத் தனியாகக் கேட்டு வாங்க வேண்டும். வாடகைக்கு இருப்பவர்கள் சாமான்களுக்கு மட்டும் எடுக்கலாம். இது பலருக்குத் தெரிவதே இல்லை.

தொகையைக் கணக்கிடும்போதுதான் பலரும் மிரண்டுவிடுகிறார்கள். “என் வீடு ஒரு கோடி போகுமே, பிரீமியம் எங்கே போய் நிற்கும்?” என்று கேட்பார்கள். அந்த ஒரு கோடியில் பெரும்பகுதி மனையின் விலை. மனை வெள்ளத்தில் போவதில்லை. திரும்பக் கட்ட என்ன செலவாகுமோ அதற்குத்தான் காப்பீடு: சதுர அடிக் கணக்கை இன்றைய கட்டுமானச் செலவால் பெருக்கினால் போதும். பழைய பாலிசிகளில் மதிப்பைக் குறைத்துப் போட்டிருந்தால், இழப்பீட்டையும் அதே விகிதத்தில் வெட்டுவார்கள். பாதி மதிப்புக்கு எடுத்தவருக்குச் சேதத்தில் பாதிதான் கிடைக்கும். புதிய பாலிசியில் அந்த வெட்டு இல்லை. எடுத்த தொகைக்குள் சேதத்துக்கான முழு இழப்பீடும் கிடைக்கும். சிறு தொழில்களுக்கும் இதே போன்ற பாலிசிகள் அப்போதே வந்தன. மிக்ஜாம் புயலில் நீர் புகுந்த அம்பத்தூர் பட்டறைகளின் உரிமையாளர்களைப் போன்றவர்கள் அவசியம் விசாரிக்க வேண்டியவை.

“கட்டும்போது இனிப்பார்கள், கேட்கும்போது கசப்பார்கள்” என்ற அச்சம் வீண் என்று நான் சொல்லமாட்டேன். 2015இல் நீரில் நின்ற காரை ஸ்டார்ட் செய்து இன்ஜின் போனவர்கள் பலருக்கு, இன்ஜினுக்கெனத் தனிப் பாதுகாப்பு எடுக்காததால் பணம் மறுக்கப்பட்டது. அந்த விதியை விற்கும்போதே வாயால் சொல்லியிருக்க வேண்டும். இழப்பீடு மறுக்கப்பட்டால் முதலில் நிறுவனத்துக்கு எழுத்தில் புகார் கொடுங்கள். ஒரு மாதத்தில் தீராவிட்டால் காப்பீட்டுக் குறைதீர்ப்பாளரிடம் போகலாம். கட்டணம் கிடையாது, வக்கீல் வேண்டாம், 50 லட்சம் ரூபாய் வரையிலான வழக்குகளை விசாரிப்பார்கள். அலுவலகம் சென்னையிலேயே இருக்கிறது.

2023 டிசம்பரில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் மழை கொட்டியது. கடுமையாகப் பாதிக்கப்பட்ட குடும்பங்களுக்கு அரசு 6,000 ரூபாய் கொடுத்தது. அந்த வாரத்துக்கு அது பேருதவி. இடிந்த சுவரை எழுப்ப எந்த அரசாலும் எல்லோருக்கும் கொடுத்து மாளாது. அப்படியானால் காப்பீட்டை மலிவாக்கும் வேலையையாவது அரசு செய்ய வேண்டும். 2025 செப்டம்பர் 22 முதல் தனிநபர் ஆயுள், மருத்துவக் காப்பீடுகளுக்கு ஜி.எஸ்.டி. நீக்கப்பட்டது. வீட்டுக் காப்பீட்டுக்கு 18 சதவீதத்தை அப்படியே விட்டுவிட்டார்கள். அதையும் நீக்க வேண்டும்.

இன்னொன்றை வங்கிகள் நாளையே செய்யலாம். வீட்டுக்கடன் இருக்கும்வரை காப்பீடு வேண்டும் என்று கேட்பவர்கள், கடைசித் தவணை முடிந்ததும் பத்திரத்தைக் கொடுத்து அனுப்பிவிடுகிறார்கள். பலரது வீட்டுப் பாலிசி அந்தக் கடனோடு முடிந்துபோகிறது, அதை யாரும் சொல்வதுமில்லை. பத்திரத்தோடு சேர்த்து, வீட்டுக்காரர் தம் பெயரிலேயே புதிதாக எடுத்துக்கொள்வதற்கான விண்ணப்பத்தையும் கையில் கொடுக்கட்டும்.