சின்னத் துப்பாக்கிக்கு எந்த மருந்து?

"அண்ணே, கடையில நாலஞ்சு டப்பா அடுக்கி வெச்சிருக்கான். எல்லாத்துலயும் எஃப், எஃப்னு போட்டிருக்கு. நான் எதை எடுக்கறது?"

அமெரிக்காவில் குடியேறிய தம்பி ஒருவர் டீயை ஆற்றிக்கொண்டே கேட்டார். அவர் வாங்கியிருப்பது 1849 கோல்ட் பாக்கெட் ரிவால்வரின் நகல். இத்தாலியில் ஊபெர்ட்டி கம்பெனி செய்வது. அசல் துப்பாக்கி, சாமுவேல் கோல்ட் தொடங்கிய ஆலையில் 1873 வரை மூன்று லட்சத்துக்கும் மேல் உருவானது. கலிஃபோர்னியாவில் தங்கம் தேடிப் போனவர்களுக்கு அதன் மேல் தனிப் பிரியம். குண்டின் விட்டம் சுமார் 8 மில்லிமீட்டர்தான். தோட்டா கிடையாது. சுழலும் உருளையின் ஒவ்வோர் அறையிலும் மருந்தைக் கொட்டி, மேலே ஈயக் குண்டை வைத்து அழுத்தி, பின்னால், தட்டினால் தீப்பொறி தரும் ஒரு சின்ன கேப்பைச் செருக வேண்டும்.

டப்பாவில் இருக்கும் எஃப், சல்லடைக் கணக்கு. எஃப் கூடக் கூட மருந்தின் மணி பொடிசாகும். ஒரு எஃப் கரடுமுரடு, பீரங்கிக்கும் மிகப் பெரிய குழல்களுக்கும். இரண்டு எஃப் பெரிய ரைஃபிளுக்கும் ஷாட்கன்னுக்கும். மூன்று எஃப் என்றால் மணி ஏறக்குறைய 0.3 முதல் 0.8 மில்லிமீட்டர் வரை; கைத்துப்பாக்கிக்கு அதுதான். நான்கு எஃப் பழைய சிக்கிமுக்கித் துப்பாக்கியின் பற்றுத்தட்டில் தூவுவதற்கு. தம்பி எடுக்க வேண்டியது மூன்று.

"அப்போ மூணுதான் வீரியம் ஜாஸ்தியா?" என்றார். எல்லாரும் இடறும் இடம் இது. எல்லா டப்பாவிலும் இருப்பது ஒரே சரக்கு, கருமருந்து: வெடியுப்பு, கரி, கந்தகம். (அமெரிக்க உள்நாட்டுப் போரின்போது இந்த வெடியுப்புக்காகத்தான் 1861-இல் லாமோ டூபான்ட் என்பவரை லிங்கன் அரசு ரகசியமாக இங்கிலாந்துக்கு அனுப்பியது. அங்கே கிடங்குகளில் கிடந்தது நம் வங்காள, பீகார் பக்கத்து உப்பு.) மாறுவது வீரியம் அல்ல, வேகம். கருமருந்து மணி மேற்பரப்பிலிருந்து உள்நோக்கி எரிகிறது. பெரிய கட்டை நின்று எரியும், சுள்ளி சட்டென்று எரிந்து தீரும், அவ்வளவுதான் விஷயம். நீளமான ரைஃபிள் குழலில் குண்டு வெளியேற நேரம் இருக்கிறது, பெரிய மணி எரிந்து முடியும். நான்கு அங்குலக் குழலில் அந்த நேரம் கிடையாது. இரண்டு எஃப் போட்டால் குண்டு போன பிறகும் மருந்தில் ஒரு பங்கு எரிந்துகொண்டிருக்கும். வாய்முனையில் அழகான தீப்பிழம்பு தெரியும், குண்டின் வேகம் குறையும்.

அப்படியானால் நான்கு இன்னும் நல்லதோ? கூடாது. குண்டு நகரத் தொடங்கும் முன்பே அழுத்தம் ஏறிவிடும். துப்பாக்கி செய்தவரின் கையேடு வெளிப்படையாக அனுமதித்தால் ஒழிய அந்தப் பக்கம் போக வேண்டாம்.

மூன்று எஃப் பொருந்துவதற்கு இன்னொரு காரணமும் உண்டு. இந்தச் சின்ன ரிவால்வருக்கு ஒரு அறைக்குப் போவது வழக்கமாக 10 முதல் 15 கிரெய்ன். பதினைந்து கிரெய்ன் என்றால் ஏறக்குறைய ஒரு கிராம். அறுபது கிரெய்ன் தின்னும் பழைய மஸ்கட்டில் மூன்று கிரெய்ன் கூடினாலும் குறைந்தாலும் தெரியாது. இங்கே அது ஐந்தில் ஒரு பங்கு. பித்தளை அளவையில் கொட்டிப் பாருங்கள்: பெரிய மணி இடைவெளி விட்டு உட்காரும், ஒரு தடவை நிறைவாக, ஒரு தடவை பொள்ளலாக. கிராஃபைட் பூசிய பொடி மணி வழுக்கிக்கொண்டு இறங்கி மட்டமாக நிற்கும். விளிம்பை வழித்துவிட்டால் ஐந்து அறைக்கும் ஏறக்குறைய ஒரே அளவு.

"ஆனா வேற கடைகள்ல நிஜ கருமருந்தே இல்லையாம். பைரோடெக்ஸ், டிரிபிள் செவன்தான் இருக்காம்" என்றார். அது கடைக்காரரின் குற்றமில்லை. சட்டப்படி கருமருந்து வெடிபொருள். அதை வைத்திருக்கும் கடைக்கு உரிமம், தனிக் கிடங்கு என்று பாடு அதிகம். பைரோடெக்ஸ் போன்ற மாற்று மருந்துகளுக்கு அந்தத் தொல்லை குறைவு. ஆகவே பல இடங்களில் எது வாங்குவது என்பதை ரசாயனம் தீர்மானிப்பதில்லை, அலமாரி தீர்மானிக்கிறது.

பைரோடெக்ஸ் 1970-களில் வந்தது. கைத்துப்பாக்கிக்கு அதில் 'பி' என்று போட்ட பொடி ரகம் இருக்கிறது. பற்றிக்கொள்ள அதற்குக் கூடுதல் சூடு வேண்டும். சின்ன கேப், சின்ன அளவு மருந்து என்று இருக்கும் துப்பாக்கியில் சில நேரம் விசையை அழுத்தினால் 'டிக்' என்று மட்டும் கேட்கும், ஒரு கணம் கழித்து வெடிக்கும். அதனால் 'டிக்' கேட்டதும் துப்பாக்கியைத் திருப்பிப் பார்க்கக் கூடாது. இலக்கை நோக்கியே ஒரு நிமிடமாவது பிடித்திருக்க வேண்டும். டிரிபிள் செவனில் கந்தகம் இல்லை, கழுவுவது சுலபம், ஆனால் உக்கிரம் அதிகம். கருமருந்தின் அளவில் பதினைந்து சதவீதம் குறைத்துப் போடச் சொல்கிறார்கள்.

இரண்டையும் எடை போட்டு அளக்கக் கூடாது. பைரோடெக்ஸ் கருமருந்தைவிட இலேசு. தராசில் 15 கிரெய்ன் நிறுத்தால் பருமனில் கூடுதலாகப் போய்விடும். கருமருந்துக்கு வைத்திருக்கும் அதே பித்தளை அளவையில், பருமனாக அளப்பதே முறை. நிஜ சரக்கு கிடைத்தால் என் வாக்கு அதற்குத்தான். கந்தக நாற்றம் இருக்கட்டும், கேப் தட்டியதும் தயங்காமல் பற்றும்.

புகையில்லா மருந்தை மட்டும் ஒரு சிட்டிகைகூட இதில் போடக் கூடாது. 1884-இல் பிரான்சில் பால் வியேய் கண்டுபிடித்த வழியில் வந்த மருந்து அது. அதன் அழுத்தம் இந்த உருளையைப் பிளந்துவிடும். இங்கே 'கொஞ்சம்' என்ற பேச்சே இல்லை.

அளவு குறைவாகப் போட்டுச் சுடுவதானால் ஒன்று. மருந்துக்கும் குண்டுக்கும் நடுவே காற்றிடம் விடக் கூடாது. அழுத்தும் கம்பி எட்டாத ஆழத்துக்குக் குண்டு போய்விடும் என்றால், மருந்துக்கு மேல் கொஞ்சம் சோள ரவையைப் போட்டு நிரப்பி, அதன்மேல் குண்டை அழுத்துவார்கள். குண்டின் மேல் கிரீஸ் தடவுவது, ஓர் அறையின் தீ பக்கத்து அறைக்குத் தாவாமல் இருக்க. சுட்டபின் படியும் கரியை இளக வைக்கவும் அது உதவும்.

எரிந்த கருமருந்தில் பாதிக்கு மேல் திடப் பொருளாகவே மிஞ்சும். அது ஈரத்தை இழுத்து இரும்பைத் தின்னும். சின்ன உருளையில் அந்தக் கரி சீக்கிரம் சேர்ந்து, சில சுற்றுகளிலேயே சுழலாமல் இறுகும். சுட்ட அன்றைக்கே சோப்புப் போட்டு வெந்நீரில் கழுவி, நன்றாகக் காய வைத்து, லேசாக எண்ணெய் பூசிவிட வேண்டும். தம்பி வாங்கியது மூன்று எஃப் டப்பா ஒன்று, கூடவே பாட்டில் கழுவும் பிரஷ் ஒன்று.