தூண்டில் இரை: வீட்டிலேயே தயாரிக்கலாம், கெடாமல் வைக்கலாம்

திருப்பூர் வட்டாரத்தில் சனிக்கிழமை சம்பளம், ஞாயிற்றுக்கிழமை விடுமுறை. பனியன் கம்பெனி வேலைக்குப் போகும் பிள்ளைகள் ஞாயிறு காலையில் தூண்டிலோடு குளத்தங்கரைக்கும் தோட்டத்துக் குட்டைக்கும் கிளம்பிவிடுகிறார்கள். பெரியவர்கள் மண்புழுவைத் தோண்டினார்கள். இளைஞர்களோ கடையில் விற்கும் ரப்பர் தவளை, ரப்பர் புழு ஆகியவற்றை வாங்குகிறார்கள்.

பண்ணைக்குட்டையில் மீன் வளர்க்கும் சிறு விவசாயிக்கு இதை வெறும் பொழுதுபோக்கு என்று விட்டுவிட முடியாது. வீட்டுச் செலவுக்கு இரண்டு மீன் வேண்டும் என்றால் குட்டை முழுவதும் வலை இழுத்து எல்லா மீன்களையும் கலைக்க வேண்டியதில்லை, தூண்டிலே போதும். ஆனால் இரை கெட்டதாக இருந்தால் தண்ணீர் கெடும். ரப்பர் இரை அறுந்து உள்ளே கிடந்தால் மீனுக்கும் கால்நடைக்கும் தொல்லை. ஆகவே இரை தயாரிப்பதையும் பாதுகாப்பதையும் முறையாகத் தெரிந்துகொள்வது நல்லது.

எந்த மீனுக்கு எந்த இரை?

கட்லா மேல்மட்டத்தில் மேய்ந்து நுண்ணுயிர்களைத் தின்னும். ரோகு நடுமட்டத்திலும், மிர்கால் அடிமட்டத்திலும் இரை தேடும். ரோகுவும் மிர்காலும் மாவு உருண்டைக்கு நன்றாக வரும். கட்லா தூண்டிலுக்கு எளிதில் வராது. ஜிலேபி மீன் மாவு, புழு இரண்டையும் தின்னும். இந்த மீன் 1952-ல் இலங்கையிலிருந்து நம் நாட்டுக்குக் கொண்டுவரப்பட்டது. கெளுத்திக்கு மண்புழுவும் இறால் துண்டும் பிடிக்கும். விரால் வேட்டையாடி உண்ணும் மீன். தவளை, சிறு மீன் போல அசையும் எதையும் பாய்ந்து கவ்வும். ரப்பர் தவளை விலை போவது பெரும்பாலும் விராலுக்காகத்தான்.

மண்புழு

ஒரு பழைய மண் பானை அல்லது மரப்பெட்டியின் அடியில் சிறு துளைகள் இட வேண்டும். பாதி மக்கிய சாணம், தோட்டத்து மண், காய்ந்த இலை ஆகியவற்றைக் கலந்து நிரப்ப வேண்டும். புதுச் சாணம் சூடேறும், புழு செத்துவிடும். கையில் ஒரு பிடி எடுத்துப் பிழிந்தால் தண்ணீர் சொட்டக்கூடாது, ஆனால் ஈரம் ஒட்ட வேண்டும். அதுவே சரியான பதம். மேலே ஈரச் சாக்கைப் போட்டு நிழலில் வைக்க வேண்டும். எறும்பு வராதிருக்க, நான்கு கல்லைத் தண்ணீர்த் தட்டுகளில் நிறுத்தி, அவற்றின் மேல் பெட்டியை வைக்கலாம். சமையல் கழிவு போடுவதானால் உப்பு, மிளகாய், எலுமிச்சை கலந்தவற்றைப் போடக்கூடாது.

மண்புழு உரம் தயாரிக்கும் விவசாயிகளிடம் உள்ள ஆப்பிரிக்க மண்புழு பருமனானது. தூண்டிலுக்கு மிகவும் ஏற்றது. தனியே புழு தேட வேண்டியதில்லை.

தூண்டிலுக்குப் போவதற்கு ஒரு நாள் முன்பு வேண்டிய புழுக்களை எடுத்து ஈரமான தேங்காய் நாரில் விட்டு வைக்க வேண்டும். வயிற்றில் உள்ள மண் வெளியேறி, தோல் இறுகும். முள்ளில் கோத்தால் எளிதில் அறுந்து போகாது. கொண்டு போகும் டப்பாவின் மூடியில் காற்றுத் துளைகள் இருக்க வேண்டும். டப்பாவை வெயிலில் வைத்தால் அரை மணி நேரத்தில் புழுக்கள் வீணாகிவிடும். ஈரம் காக்க பனியன் துணித் துண்டைப் போடுகிறவர்கள் சாயம் ஏறாத வெள்ளைத் துணியாகப் பார்த்துப் போட வேண்டும்.

ஓர் எச்சரிக்கை. சாயக் கழிவு நீர் பாய்ந்த நிலத்திலும் வாய்க்கால் ஓரத்திலும் புழு தோண்டக்கூடாது. மண்ணில் உள்ள கன உலோகங்கள் புழுவின் உடலில் சேரும். அந்தப் புழுவைத் தின்ற மீன் நம் தட்டுக்கு வரும். நொய்யலின் குறுக்கே 1992-ல் கட்டி முடிக்கப்பட்ட ஒரத்துப்பாளையம் அணை, பாசனத்துக்குப் பதிலாகச் சாயத் தண்ணீரைத் தேக்கும் இடமாகிப் போனது. 2011-ல் உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடச் சொன்னது. சாயம் பாய்ந்த மண்ணின் பாதிப்பு ஒரே நாளில் மறைவதில்லை என்பதை உழவர்கள் அறிவார்கள்.

மாவு உருண்டை

கடலைப் புண்ணாக்குத் தூள் ஒரு பங்கு, அரிசித் தவிடு ஒரு பங்கு, கோதுமை மாவு ஒரு பங்கு சேர்த்துச் சிறிது சிறிதாகத் தண்ணீர் விட்டுச் சப்பாத்தி மாவைவிடக் கெட்டியாகப் பிசைய வேண்டும். உருட்டி, இட்லிப் பாத்திரத்தில் பத்து நிமிடம் வேக வைத்து, ஆறிய பிறகு மறுபடியும் பிசைந்தால் நீரில் சீக்கிரம் கரையாது. சிறிதளவு சாயமில்லாத பஞ்சைப் பிய்த்துச் சேர்த்துப் பிசைந்தால் முள்ளில் இன்னும் உறுதியாக நிற்கும்.

பூஞ்சணம் பிடித்த புண்ணாக்கைச் சேர்க்கவே கூடாது. பிசைந்த மாவு நம் வெயிலில் ஒரே நாளில் புளித்துவிடும். ஆகவே உலர்ந்த மாவுக் கலவையை ஈரமில்லாத டப்பாவில் அடைத்து வைத்துக்கொண்டு, போகும் நாளில் வேண்டிய அளவு மட்டும் பிசைவதே சிக்கனம்.

இறால், மீன் துண்டு

இறாலையும் மீன் துண்டையும் நிறையக் கல் உப்பில் அடுக்கடுக்காக ஓரிரவு வைத்தால் நீர் கழிந்து சதை இறுகும். வடிந்த நீரைக் கொட்டிவிட்டு, மூடிய டப்பாவில் குளிர்ந்த இடத்தில் வைத்தால் சில நாட்கள் கெடாது. முள்ளிலும் நன்றாக நிற்கும்.

ரப்பர் இரை

பெயர்தான் ரப்பர். பெரும்பாலும் இது பி.வி.சி. தூளை மென்மையூட்டும் எண்ணெயில் கலந்து செய்யப்படுவது. பால் போன்ற அந்தக் குழம்பைச் சுமார் 175 டிகிரி செல்சியஸ் வரை சூடாக்கி அச்சில் ஊற்றினால், ஆறியதும் ரப்பர் போல வளையும். திருப்பூர்ப் பிரிண்டிங் பட்டறைகளில் பனியன் மேல் படம் அச்சிடும் பிளாஸ்டிசால் மையும் இதே இனத்தைச் சேர்ந்ததுதான்.

பட்டறையில் மிஞ்சிய மையைக் கொண்டுவந்து வீட்டில் இரை வார்க்கலாம் என்று யாரும் நினைக்க வேண்டாம். சூடு மிஞ்சினால் நெஞ்சை அடைக்கும் அமிலப் புகை வரும். ஒரு சொட்டுத் தண்ணீர் விழுந்தாலும் கொதிக்கும் குழம்பு தெறிக்கும். அச்சு மையில் என்னென்ன நிறமியும் எண்ணெயும் உள்ளன என்பதும் நமக்குத் தெரியாது. அதைக் குட்டைக்குள் விடுவது சரியல்ல. சமையல் பாத்திரத்தையும் சமையல் அடுப்பையும் இதற்குப் பயன்படுத்தவே கூடாது.

கடையில் வாங்கியதைப் பாதுகாக்க:

1. வந்த பையிலேயே நேராகப் படுக்க வைக்க வேண்டும். மடங்கிக் கிடந்தால் வளைவு நிலைத்துவிடும். நீரில் சரியாக அசையாது.

2. ஒவ்வொரு நிறத்தையும் தனித்தனியே வைக்க வேண்டும். கலந்து போட்டால் சாயம் ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு ஏறும்.

3. வேறு வேறு வகை இரைகளை ஒன்றாகப் போட்டால் இளகி ஒட்டிக்கொள்ளும். சில கெட்டிப் பிளாஸ்டிக் டப்பாக்களையும் இந்த எண்ணெய் உருக்கிவிடும். பாலித்தீன் பை நல்லது.

4. வெயில் படும் இடத்திலும், வண்டிப் பெட்டியிலும் விட்டு வைக்கக் கூடாது.

கிழிந்த ரப்பர் இரையைக் குட்டையிலோ கரையிலோ எறிவது பெரும் தவறு. அது மக்காது. மீன் விழுங்கினால் செரிக்காமல் வயிற்றிலேயே தங்கும். கரையில் மேயும் ஆடு, மாடு நரம்போடு சேர்த்து விழுங்கினால் உயிருக்கே ஆபத்து. வெளியாட்களைத் தூண்டில் போட அனுமதிக்கும் விவசாயிகள், அறுந்த நரம்பு, முள், ரப்பர் எல்லாவற்றையும் திரும்ப எடுத்துப் போகச் சொல்வது அவசியம்.

இரை மிஞ்சினால்

மீன் கூட வேண்டும் என்று மாவை அள்ளிக் கொட்டுவது பலருக்குப் பழக்கம். தின்னாத மாவு அடியில் அழுகி, நீரில் உள்ள பிராணவாயுவைத் தீர்த்துவிடும். விடியற்காலையில் மீன்கள் மேலே வந்து வாயைத் திறந்து மூச்சுக்குத் தவித்தால் அதுவே அறிகுறி. உடனே தீவனத்தை நிறுத்தி, புதுத் தண்ணீர் விட வேண்டும். ஒரு நாள் அசட்டையால் ஒரு வருட உழைப்பு மிதந்துவிடும்.

இன்னொன்று: தூண்டிலில் வந்த மீனின் எடையைக் கொண்டு குட்டையின் வளர்ச்சியைக் கணக்கிட்டு வியாபாரியிடம் விலை பேசக்கூடாது. அதற்கு வீச்சு வலை போட்டுப் பல மீன்களை எடுத்து நிறுத்துப் பார்ப்பதே சரி.

எங்கே போடக்கூடாது?

திருப்பூரை அடுத்த நஞ்சராயன் குளம் 2022-ல் பறவைகள் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. 2024-ல் ராம்சார் பட்டியலிலும் இடம்பெற்றது. அறுந்த நரம்பு பறவைகளின் காலில் சுற்றிக்கொள்ளும். அங்கே தூண்டில் வேண்டாம். அமராவதி அணை நீரில் முதலைகள் உண்டு. நீரோரம் இறங்குவது ஆபத்து. அணைகளில் உரிய அனுமதி இல்லாமல் மீன் பிடிக்கக் கூடாது. வெடி வைத்தும் நஞ்சு கலந்தும் மீன் பிடிப்பதை 1897-ஆம் ஆண்டு மீன்வளச் சட்டமே தடை செய்துள்ளது.

சாணமும் தவிடும் புண்ணாக்கும் உழவர் வீட்டில் எப்போதும் இருப்பவை. அவற்றைக் கொண்டு செய்யும் இரை காசு கேட்காது, குட்டையையும் கெடுக்காது. மீன் வளர்ப்பு பற்றிய மற்ற விவரங்களுக்கு அருகிலுள்ள மீன்வளத் துறை அலுவலகத்தை விவசாயிகள் அணுகலாம்.