டாஃபியை என்ன செய்வது?

நம் ஊரில் பிள்ளைகளைப் பாட்டுக்கும் பரதநாட்டியத்துக்கும் அனுப்புகிற மாதிரி, இங்கிலாந்தில் குதிரையேற்றம் கற்க அனுப்புகிறார்கள். பணக்காரர்கள் சமாசாரம் என்று நினைத்துவிடாதீர்கள். வாரம் அரை மணி, ஒரு மணி என்று கட்டணம் கட்டிக் கற்றுக்கொள்ளலாம். சின்னக் குழந்தைகளுக்கு மட்டக் குதிரைதான் வாத்தியார்! யார்க்ஷயரில் எங்கள் ஊருக்கு வெளியே அப்படி ஒரு பள்ளி இருக்கிறது. என் பெண் அங்கே முதன்முதலில் ஏறி உட்கார்ந்த குதிரையின் பெயர் டாஃபி. சனிக்கிழமைகளில் லாயம் பெருக்க, தண்ணீர் வைக்க என்று நானும் ஒத்தாசைக்குப் போவேன். அதனால் 2023-ல் டாஃபிக்கு உடம்புக்கு வந்தபோது எல்லாவற்றையும் பக்கத்திலிருந்தே பார்த்தேன்.

அப்போது அதற்கு வயது 19. நன்றாகப் பார்த்துக்கொண்டால் குதிரை 25, 30 வயது வரைகூட இருக்கும். கோடை வந்தும் அதன் குளிர்கால ரோமம் உதிரவில்லை; கம்பளி போர்த்தியது போல நின்றது. வாளி வாளியாகத் தண்ணீர் குடித்தது. படுக்கை வைக்கோல் தினமும் தொப்பலாக நனைந்து கிடக்கும். ஒரு நாள் காலை, முன்னங்கால்களை நீட்டிப் பின்பக்கமாகச் சாய்ந்துகொண்டு, ஓர் அடி எடுத்து வைக்க மாட்டேன் என்று நின்றுவிட்டது. குளம்பைத் தொட்டால் சூடு.

கால்நடை டாக்டர் வந்து ரத்தம் எடுத்துப் பார்த்து, 'குஷிங்ஸ்' என்றார். மூளையின் அடியில் உள்ள பிட்யூட்டரி சுரப்பியின் கோளாறு; வயதான குதிரைகளுக்குச் சகஜமாக வருவது. அதையொட்டி வந்ததுதான் 'லாமினைட்டிஸ்' என்கிற குளம்பு நோய். நகமும் சதையும் போல என்று சொல்கிறோமே, குதிரையின் குளம்பும் உள்ளே இருக்கும் எலும்பும் அப்படித்தான் ஒட்டிக்கொண்டிருக்கின்றன. இந்த நோயில் அந்தப் பிடிப்பு வீங்கித் தளர்கிறது. முற்றினால் எலும்பே இடம் பெயர்ந்துவிடும். அந்தக் காலோடு முழு உடம்பையும் தாங்கி நிற்பது எப்படி இருக்கும், யோசித்துப் பாருங்கள்!

மருந்து உண்டு. பெர்கோலைட் மாத்திரை, தினமும், ஆயுசு முழுக்க. ஒரு காலத்தில் மனிதர்களின் பார்க்கின்ஸன் நோய்க்குக் கொடுத்த அதே மருந்துதான். இதய வால்வைப் பாதிக்கிறது என்று 2007-ல் அமெரிக்காவில் மனிதர்களுக்குக் கொடுப்பதை விலக்கிக்கொண்டார்கள். கர்ப்பிணிகளும் பால் கொடுக்கும் தாய்மாரும் அந்த மாத்திரையைக் கொடுப்பதானால் கையுறை போட்டுக்கொண்டுதான் கொடுக்க வேண்டும். வயிற்றில் பிள்ளையோடு உதவிக்கு வந்த ஓர் இளம்பெண்ணை அந்த வேலையிலிருந்து உடனே மாற்றிவிட்டார்கள்.

பிறகுதான் பெரிய பேச்சே ஆரம்பித்தது. குழந்தைகள் கட்டும் கட்டணத்தில் ஓடுகிற பள்ளி அது. சுமக்காத குதிரைக்கும் தீனி, லாடக்காரர், டாக்டர் எல்லாம் உண்டு. மாத்திரையைக் கொடுத்து மெதுவாக நடக்க மட்டும் விடலாமே என்றார் ஒருவர். இங்கே குதிரையேற்றப் பள்ளிக்கு உள்ளூராட்சியின் உரிமம் வேண்டும். 1964-லிருந்தே அதற்குச் சட்டம் இருக்கிறது, 2018-ல் புது விதிகளும் வந்தன. குதிரைகளைக் கால்நடை டாக்டர் சோதிப்பார். வலியுள்ள குதிரையின் முதுகில் பிள்ளையை ஏற்ற முடியாது, ஏற்றவும் கூடாது.

"பாவம், நல்ல பச்சைப் புல்வெளியில் அவிழ்த்து விட்டுவிடுங்கள்" என்றார் இன்னொரு அம்மாள். எனக்கும் கேட்க நன்றாகத்தான் இருந்தது. ஆனால் இந்த நோய்க்குப் புல்தான் விஷம்! வசந்தத்துப் புல்லிலும், பனி விழுந்து வெயில் அடிக்கிற காலைப் புல்லிலும் சர்க்கரை அதிகம். நம் வீட்டுச் சர்க்கரை நோயாளியை மிட்டாய்க் கடையில் குடிவைத்த மாதிரி ஆகிவிடும். உலர்ந்த புல்லைக்கூடத் தண்ணீரில் ஊறவைத்து, சர்க்கரையைக் கரைத்துவிட்டுத்தான் போடுகிறார்கள்.

சும்மா கொடுத்தால் வாங்கிக்கொள்கிறேன் என்றும் ஒருவர் வந்தார். என்னைக் கேட்டால், இதுதான் எல்லாவற்றிலும் மோசமான வழி. வலி தெரியாமல் மருந்து கொடுத்து, நல்ல குதிரை என்று மூன்றாம் பேரிடம் விற்றுவிட்டால் யார் கண்டது? உரிமையை வைத்துக்கொண்டு, எழுத்து மூலம் ஒப்பந்தம் போட்டு, இன்னொரு குதிரைக்குத் துணையாக அனுப்பும் வழக்கம் இங்கே உண்டு. அது பரவாயில்லை. ஆனால் தினமும் மாத்திரை கொடுத்துக் குளம்பைத் தொட்டுப் பார்க்கிற ஆள் அந்த வீட்டில் இருக்க வேண்டுமே!

"அம்மா, அது ஓடவே வேணாம். சும்மா நின்னா போதும். அதை ஏம்மா அனுப்பணும்?" என்று என் பெண் அழுதாள்.

பள்ளியை நடத்தும் பெண்மணி அறுபதைத் தாண்டியவர். அதிகம் பேச மாட்டார். டாஃபியை அங்கேயே வைத்துக்கொள்வது, சவாரி கிடையாது, பொடிசுகள் அதற்குச் சீவிவிடவும் குளம்பு துடைக்கவும் பழகட்டும் என்று முடிவு செய்தார். கூடவே டாக்டரோடு உட்கார்ந்து ஒரு தாளில் எழுதி லாயக் கதவில் ஒட்டினார்: மாத்திரையை மீறி நோய் திரும்பினால், எலும்பு நகர்ந்தது எக்ஸ்-ரேயில் தெரிந்தால், படுத்தது எழுந்திருக்க மறுத்தால், அன்றே கருணை ஊசி. நன்றாக இருக்கும்போதே எழுதி வைக்காவிட்டால், நாளைக்குப் பார்க்கலாம் என்று நாமே தள்ளிப் போட்டுக்கொண்டே இருப்போமாம். கல்மனசு என்று சிலர் முணுமுணுத்தார்கள். நான் அப்படி நினைக்கவில்லை. இந்த முடிவை எடுப்பவர்களுக்குத் துணைநிற்க பிரிட்டிஷ் ஹார்ஸ் சொஸைட்டி 'ஃப்ரெண்ட்ஸ் அட் தி எண்ட்' என்று ஓர் ஏற்பாடே வைத்திருக்கிறது. அவரும் போன் பண்ணிப் பேசினார்.

ஒன்றரை வருஷம் டாஃபி நன்றாகவே இருந்தது. ரோமம் உதிர்ந்து பளபளவென்று ஆனது. மாத்திரையை ஆப்பிள் துண்டுக்குள் ஒளித்துக் கொடுத்தால், ஆப்பிளைத் தின்றுவிட்டு மாத்திரையைத் துப்புகிற சாமர்த்தியமும் வந்தது! 2024 இலையுதிர் காலத்தில் நோய் திரும்பியது. எக்ஸ்-ரேயில் எலும்பு நகர்ந்திருந்தது. மறுநாள் வரை யாரும் காத்திருக்கவில்லை.

தூரத்துப் பண்ணைக்குப் போயிருக்கிறது என்று குழந்தைகளிடம் சொல்ல வேண்டாம் என்று அந்த அம்மாள் முன்பே சொல்லியிருந்தார். கால் ஆறாத அளவுக்குக் கெட்டுவிட்டது, வலிக்காமல் இறந்துபோக டாக்டர் மருந்து கொடுத்தார் என்று இருப்பதைச் சொன்னோம். பெரிய பிள்ளைகள் அழுதார்கள். என் பெண் இரண்டு வாரம் அந்தப் பக்கமே போகவில்லை. ஐந்து வயதுப் பையன் ஒருவன் மட்டும், மிச்ச மாத்திரையெல்லாம் என்ன ஆச்சு என்று கேட்டான். டாக்டரிடமே திருப்பிக் கொடுத்தாயிற்று என்றேன்.