மச்சுக்குப் பலகை பாவுதல்

இன்று கிராமங்களில் புதிதாக வீடு கட்டுவோர் பெரும்பாலும் கான்கிரீட் கூரையையே நாடுகின்றனர். ஆயினும் மரத்தளமிட்ட பழைய மச்சு வீடுகள் இன்னும் பல ஊர்களில் உள்ளன. அவற்றின் பலகைகள் உளுத்தவுடன் மச்சையே பிரித்துவிடுவதா, புதுப்பிப்பதா என்று பலர் கேட்கின்றனர். உத்திரமும் சட்டங்களும் திடமாயிருப்பின் பலகையை மட்டும் மாற்றினால் போதும். உளியும் இழைப்புளியும் பிடிக்கத் தெரிந்த உழவர், வீட்டாரின் துணையுடன் தாமே இவ்வேலையைச் செய்துகொள்ளலாம்.

முதலில் சோதிக்க வேண்டியது பலகையன்று, உத்திரம். அது சுவருக்குள் நுழையும் இடத்தில் கூரிய உளியால் அழுத்திப் பார்க்க வேண்டும். உளி எளிதில் இறங்கினால் அம்மரம் இற்றுவிட்டது. சுவரின் ஈரத்தைக் குடித்து முனைகள் முதலில் கெடுவதே வழக்கம். நடுப்பகுதியைத் தட்டிப் பார்த்து நலமென்று எண்ணி ஏமாறலாகாது. இத்தகைய உத்திரத்தைத் தச்சரைக் கொண்டே மாற்ற வேண்டும். புதிய உத்திரத்தின் முனைக்குத் தார் பூசி, சுவர்க்குழியில் அதனைச் சுற்றிச் சிறிது காற்றிடம் விட்டு வைப்பது நலம்.

பாரத்தையும் கணக்கிட வேண்டும். ஒரு கன அடி நெல் ஏறத்தாழ 16 கிலோ எடையுள்ளது. 10 அடிக்கு 10 அடி மச்சில் 3 அடி உயரத்துக்கு நெல்லைக் குவித்தால் மொத்தம் 4,800 கிலோ, அதாவது சதுர அடிக்கு 48 கிலோ ஆகும். மக்கள் வசிக்கும் அறைக்குப் பொறியாளர் கணக்கிடும் பாரமோ சதுர மீட்டருக்கு 200 கிலோ. சதுர அடிக்கு 19 கிலோவுக்கும் குறைவு. ஆகவே புதுப் பலகை பாவிவிட்டோம் என்ற துணிவில் நடு மச்சில் மூட்டைகளை அடுக்குவது கீழே உறங்குவோர் உயிரோடு விளையாடுவதாகும். சட்டங்களின் முனைகளைத் தாங்கும் சுவரோரமாக, ஒரே வரிசையில் மூட்டைகளை வைக்கலாம்.

இனி மரம். தேக்கும் வேங்கையும் உத்தமம். முதிர்ந்த பலாவும் வேம்பும் வீட்டினுள் நன்கு உழைக்கும். எம்மரமாயினும் வைரப்பகுதியே வேண்டும். வெளிறு எனப்படும் வெளுத்த ஓரத்தைப் பூச்சி விரைவில் உளுக்கச் செய்யும். அதை அறுத்து நீக்கிய பின்னரே விலை பேசுக. சொந்தத் தோட்டத்து மரமாயினும், தேக்கு முதலியவற்றை வெட்டுமுன் வனத்துறை அலுவலகத்தில் விதிகளைக் கேட்டறிவது நலம்.

சில ஆண்டுகளுக்கு முன் ஊராட்சி உறுப்பினர் ஒருவர் வீட்டில் உணவருந்த அமர்ந்தேன். இலையில் சோற்றுடன் நான்கைந்து நெல்மணிகளும் விழுந்தன. அண்ணாந்து பார்த்தால் மச்சுப் பலகைகளுக்கிடையே விரல் நுழையும் சந்து! ஐப்பசி மழையில் அறுத்த பச்சைப் பலகையை அம்மாதமே பாவியிருந்தார்; சித்திரை வெயிலில் அது சுருங்கிவிட்டது. அவருடைய விதைநெல்லில் ஒரு பங்கு எலிகளுக்குப் போயிற்று. மரத்துக்கான செலவோ முழுவதும் வீண்.

மரம் நீளவாட்டில் சுருங்குவது மிகச் சொற்பம்; அகலத்திலேதான் சுருங்கும். 9 அங்குலப் பச்சைப் பலகை உலர்ந்தபின் கால் அங்குலம் குறைவது வியப்பன்று. ஆகவே 4 அங்குல அகலத்துக்கு மேற்படாத பலகைகளையே கொள்ளுக. நிழலில், தரையிலிருந்து ஓரடி உயரத்தில், இடையிடையே ரீப்பர் கட்டை கொடுத்து அவற்றை அடுக்க வேண்டும். ஓரங்குலக் கனத்துக்கு ஓராண்டு என்பது பழைய கணக்கு. ஈரத்தை அளக்க எளிய வழி ஒன்றுண்டு. பலகையின் முனையை விட்டு நடுவில் ஒரு துண்டு அறுத்து எடைபோடுக. அணைந்த அடுப்பின் சூட்டில் வைத்து, எடை மேலும் குறையாத வரை உலர்த்துக. முதலில் 112 கிராம், முடிவில் 100 கிராம் எனில் ஈரம் 12 சதவீதம். அதுவே வேண்டிய பதம். 20 சதவீதத்துக்கு மேலிருப்பின் எத்தனை அவசரமாயினும் காத்திருக்கத்தான் வேண்டும். உலர்ந்த பலகைகளையும் பாவவிருக்கும் அறையிலேயே இரண்டு வாரம் கிடத்துக.

ஒரு விளிம்பில் நாக்கும் மறு விளிம்பில் காடியும் மரவாடியில் இயந்திரத்தாலேயே போட்டுத் தருவர். கனம் ஓரங்குலமாயின் சட்டங்களின் இடைவெளி 16 அங்குலம் இருக்கலாம். முதற் பலகையை நூல் பிடித்து, நாக்கு வெளிப்புறம் வர, சுவரிலிருந்து அரை அங்குலம் தள்ளிப் பதிக்க வேண்டும். மழைக்காலத்தில் மரம் விரிவதற்கு இவ்விடம் தேவை. இதை விடாத தளம் நடுவில் புடைத்தெழும். நாக்கின் மேற்புறத்தில் துறப்பணத்தால் சாய்வாகத் துளையிட்டு, 2 முதல் 2½ அங்குல ஆணியை ஒவ்வொரு சட்டத்திலும் இறக்குக. அடுத்த பலகையின் காடி அதன்மேல் வந்து மூடிக்கொள்வதால் ஆணித்தலை வெளியே தெரியாது. பலகையை நெருக்கும்போது நாக்கின்மேல் நேராக அடியாமல், ஒரு துண்டுக் கட்டையை வைத்துக் கொட்டாப்புளியால் தட்டுக. முனைச் சேர்க்கைகள் சட்டத்தின்மேலேயே வரவேண்டும். அடுத்தடுத்த வரிசைகளில் ஒரே சட்டத்தில் வரலாகாது.

பின்பு இழைத்து, ஆளிவிதை எண்ணெயை மெல்லியதாகப் பூசி உலரவிடலாம். பூசிய துணியைச் சுருட்டி மூலையில் எறிவது அபாயம். இவ்வெண்ணெய் உலரும்போது தானே சூடேறும்; சுருட்டிய துணி நெருப்பின்றியே பற்றிக்கொள்ளக்கூடும். முற்றத்தில் விரித்து உலர்த்துக, அல்லது நீரில் அமிழ்த்துக.

கீழ்த்தரைக்கு இம்முறையை நான் சொல்லவில்லை. மண்ணைத் தொட்ட மரம் கரையானுக்கு விருந்து. மச்சையும் பொங்கலுக்கு வீடு கழுவும்போது குடங்குடமாக நீரூற்றிக் கழுவக்கூடாது. நன்கு பிழிந்த ஈரத்துணியால் துடைத்தால் போதும். இதை வீட்டுப் பெண்மக்களிடம் முன்கூட்டியே சொல்லி வைப்பது நலம். என் வீட்டில் நான் சொல்லத் தவறியதால் 3 பலகைகளை மறுபடி மாற்ற நேர்ந்தது.