கட்டமும் குலமும்

ஸ்காத்லாந்து மக்கள் அணியும் டார்ட்டன் என்னும் கட்டத் துணியைக் குல அடையாளம் என்பர். ஆயினும், இன்ன குலத்துக்கு இன்ன கட்டம் என்ற வரையறை பெரும்பாலும் 19-ஆம் நூற்றாண்டில் எழுந்ததே. 1746-ஆம் ஆண்டுச் சட்டம் மலைநாட்டு ஆடவர் உடையைத் தடை செய்தது. 1782-இல் தடை நீங்கிற்று. 1822-இல் நான்காம் ஜார்ஜ் மன்னர் எடின்பரோவில் அவ்வுடை தரித்துத் தோன்றவே, மோகம் பெருகியது. இன்று தந்தைவழிக் கட்டத்தை உடுப்பாரும் உளர். தாய்வழியையோ வட்டாரத்தையோ கொள்வாரும் உளர். தடுக்கும் சட்டம் ஏதுமில்லை.

தாணேயில் வாழும் தமிழராகிய நமக்கும் இவ்வினா உண்டு. காரைக்குடிக் கண்டாங்கியின் பெருங்கட்டமும் அகன்ற கரையும் செட்டிநாட்டை நினைவூட்டுவன. 2019-இல் அது பெற்ற புவிசார் குறியீடு நெய்யும் இடத்தைக் காப்பது. உடுத்துவோரின் ஊரைக் கேட்பதன்று. தாணேயிலேயே பிறந்து, காரைக்குடியைக் கண்டிராத பெண்ணொருத்தி அரக்குச் சிவப்புக் கண்டாங்கியைத் தேர்ந்தெடுப்பாளாயின், பாட்டியின் பழைய புடைவையில் அந்நிறத்தை அவள் கண்டிருத்தல் கூடும்.