கப்பலில் வந்தவளும் கோரமண்டலில் வந்தவளும்

தலைப்பிரசவம் தாய்வீட்டில் என்பது நம் பக்கத்து வழக்கம். வளைகாப்பு முடிந்த கையோடு பெண்ணை அழைத்துப் போய்விடுவார்கள். அப்படி அழைத்துப் போக யாருமில்லாமல் பிள்ளை பெற்ற பெண்கள் வடசென்னையில் எந்தக் காலத்திலும் இருந்திருக்கிறார்கள். துறைமுகமும் ஆலையும் இருக்கிற இடத்துக்குப் பிழைக்க ஆள் வரும். ஆண்கள் வந்து கால் ஊன்றியதும் மனைவிமார் வருவார்கள். பிறகு பிரசவமும் இங்கேதான்.

1960களில் பர்மாவிலிருந்து அப்படி வந்தார்கள். நே வின்னின் ராணுவ ஆட்சி 1964இல் கடைகளை நாட்டுடைமை ஆக்கியதும், ரங்கூனில் கப்பலேறி, கையில் கிடைத்ததோடு சென்னைத் துறைமுகத்தில் வந்து இறங்கினார்கள் தமிழர்கள். பலர் அங்கேயே பிறந்து வளர்ந்தவர்கள். சொந்த நாடு என்று சொல்லப்பட்ட இந்த ஊரை அதற்குமுன் கண்ணால் பார்த்ததில்லை. வியாசர்பாடியிலும் எண்ணூரிலும் குடிசை போட்டு, அந்தக் குடிசையிலேயே வலி கண்டு படுத்த பெண்கள் உண்டு. கையில் காசில்லை, தெரிந்த டாக்டர் இல்லை. ஆனால் ஒன்று இருந்தது. அதே கப்பலில் வந்த மாமியாரோ அத்தையோ பக்கத்துக் குடிசையில் இருந்தாள். மருத்துவச்சி சொன்னது காதில் விழுந்தது, புரிந்தது.

அந்தக் காலம் நல்ல காலம் என்று நான் சொல்ல வரவில்லை. வீட்டுப் பிரசவத்தில் தாயும் பிள்ளையும் போய்ச் சேர்ந்த கதை பழைய வண்ணாரப்பேட்டையிலும் காசிமேட்டிலும் பல குடும்பங்களில் இருக்கிறது. பிழைத்தவர்களில் பலர் ஆஸ்பத்திரியால் பிழைத்தவர்கள். ராயபுரத்தில் ராஜா சர் ராமசாமி முதலியார் பெயரில் இருக்கும் பிரசவ ஆஸ்பத்திரி, நம் வாயில் ஆர்எஸ்ஆர்எம், எத்தனையோ தலைமுறைகளை உலகுக்குக் கொண்டுவந்திருக்கிறது. அதோடு இணைந்த ஸ்டான்லியைப் பெரியவர்கள் இன்னமும் கஞ்சித்தொட்டி ஆஸ்பத்திரி என்பார்கள். 1782 பஞ்சத்தில் ஊர் விட்டு ஓடிவந்தவர்களுக்குக் கஞ்சி ஊற்றிய மணியக்காரர் சத்திரத்திலிருந்து வளர்ந்தது அது. வெளியூர்க்காரருக்கு அடைக்கலம் தருவது இந்தப் பகுதிக்குப் புதிதல்ல.

இன்றைக்கு வருகிறவள் கோரமண்டல் எக்ஸ்பிரஸில் வருகிறாள். 1977இல் ஹவுராவுக்கும் சென்னைக்கும் இடையே ஓடத் தொடங்கிய ரயில் அது. பாலாசோரிலோ கட்டாக்கிலோ பிரம்மபூரிலோ ஏறுகிறாள். பீகாரிலிருந்தும் வங்கத்திலிருந்தும் வருகிறவர்களும் உண்டு. புருஷனுக்குக் கண்டெய்னர் யார்டிலோ கட்டட வேலையிலோ கான்ட்ராக்ட் கூலி. எர்ணாவூரிலும் மணலியிலும் லைன் வீட்டில் ஒற்றை அறை. அம்மா வர முடியாது. ஊரில் நடவு இருக்கும், இன்னொரு பெண்ணின் பிரசவம் இருக்கும், டிக்கெட்டுக்குப் பணம் இருக்காது. மாமியார், அத்தை, பக்கத்து வீட்டுக்காரி எல்லாரும் செல்போனுக்குள் இருக்கிறார்கள்.

அவளுக்கு இன்று கிடைக்கிற வைத்தியம் பர்மாக்காரிக்குக் கனவிலும் கிடைத்திருக்காது. நாள் தள்ளியது தெரிந்ததும் நர்ஸிடம் பதிந்து, பிக்மி நம்பர் என்கிற கர்ப்பிணிப் பதிவு எண்ணை வாங்கலாம். இரும்புச்சத்து மாத்திரை, தடுப்பூசி எல்லாம் மாநகராட்சி ஆஸ்பத்திரியிலேயே இலவசம். 2008இலிருந்து 108 ஓடுகிறது. 2011இல் மத்திய அரசு கொண்டுவந்த திட்டப்படி அரசு ஆஸ்பத்திரியில் சிசேரியன் உட்பட எதற்கும் காசு கட்ட வேண்டியதில்லை. 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி தமிழ்நாட்டில் நூற்றுக்கு 99.6 பிரசவம் ஆஸ்பத்திரியில் நடக்கிறது, ஒடிசாவில் 92.2, பீகாரில் 76.2. சொந்த ஊரைவிட இங்கே அவள் உயிருக்குப் பாதுகாப்பு அதிகம். நாம் பெருமைப்பட வேண்டிய விஷயம் இது.

ஆனால் வார்டுக்குள் போனதும் அவள் ஊமையாகிவிடுகிறாள். வலி எப்போது தொடங்கியது, பனிக்குடம் உடைந்துவிட்டதா, நேற்று ராத்திரியிலிருந்து பிள்ளை அசைவு குறைந்திருக்கிறதா என்று நர்ஸ் கேட்கிறார். வலியைக் கையால் காட்டிவிடலாம். அசைவு குறைந்ததை எந்தச் சைகையில் காட்டுவது? பிள்ளையின் உயிர் அந்த ஒரு பதிலில் இருக்கலாம். பிரசவம் ஆனதும் காப்பர்-டி போட்டுக்கொள்ளச் சம்மதமா என்பதும் தலையாட்டலில் முடிகிற கேள்வி அல்ல. பிரசவ நேரத்தில் துணைக்கு ஒரு பெண் உடனிருக்கலாம் என்று நம் அரசு ஆஸ்பத்திரிகள் அனுமதிக்கின்றன. அருமையான ஏற்பாடு. இவளுக்குத்தான் அந்த ஒரு பெண் இல்லை. அரைகுறைத் தமிழ் தெரிந்த புருஷன் கேட்டுக்கு வெளியே நிற்கிறான்.

குறை நர்ஸுகளிடம் இல்லை. ஓயாத வேலைக்கு நடுவே நாலு ஹிந்தி வார்த்தை பொறுக்கிக்கொண்டு சமாளிக்கிற பெண்கள் அவர்கள். லைன் வீடுகளிலும் ஈரம் வற்றிவிடவில்லை. பால் ஊறட்டும் என்று பால்சுறா புட்டு செய்து கொண்டுபோய்க் கொடுக்கிற கிழவிகள் காசிமேட்டில் இருக்கிறார்கள். ஒடியாக்காரர்கள் 21ஆம் நாளும் பீகார்க்காரர்கள் ஆறாம் நாளும் பிள்ளைக்குச் சடங்கு செய்வார்கள்; பக்கத்து வீட்டுத் தமிழச்சி போய்த் தொட்டில் கட்டிக் கொடுப்பாள். ஆனால் அந்த நல்ல மனசு ராத்திரி இரண்டு மணிக்கு ஆஸ்பத்திரியில் உதவாது. அங்கே வேண்டியது மொழி தெரிந்த ஒரு ஆள். ஷிப்டுக்கு ஒரு பெண், ஹிந்தியும் ஒடியாவும் பேசத் தெரிந்தவள், சம்பளத்துக்கு. இந்தப் பகுதியில் அப்படிப்பட்ட பெண்கள் ஏராளம். வெளிமாநில உழைப்பில் நடக்கிற ஆலைகளும் யார்டுகளும் அந்தச் சம்பளத்தில் பங்கு கொடுக்கட்டும்.

பிறப்புச் சான்றிதழ் இன்னொரு கவலை. பிறப்பை 21 நாளுக்குள் பதிய வேண்டும். 2023 அக்டோபர் 1 முதல் பிறந்த பிள்ளைக்குப் பள்ளிச் சேர்க்கை முதல் பாஸ்போர்ட் வரை பிறந்த தேதிக்கு அந்தச் சான்றிதழ்தான் ஆதாரம். அம்மாவின் பெயரைக் காதில் விழுந்தபடி எழுதிவிட்டால், பிற்பாடு பாட்னாவிலிருந்து சென்னைக்கு அலைய வேண்டும். ஆதார் அட்டையைப் பார்த்து எழுத்துக்கு எழுத்து சரிபார்ப்பதே வழி.

உங்கள் காம்பவுண்டில் வெளிமாநிலக் கர்ப்பிணி இருந்தால், பிக்மி நம்பர் வாங்கிவிட்டாளா என்று இன்றைக்கே கேளுங்கள். வலி வந்தால் 108க்கு நீங்களே போன் போடுங்கள். உங்கள் தெருவுக்கு வழி சொல்ல அவளுக்குத் தெரியாது.