விதைநெல்லைக் கொடுத்து வாங்கிய பந்துவீச்சு

2012 டிசம்பர் 9 அன்று கேன்சஸ் சிட்டி ராயல்ஸ் அணி செய்த வீரர் பரிமாற்றத்தைப் பார்த்து அமெரிக்க பேஸ்பால் உலகில் பலர் தலையில் அடித்துக்கொண்டார்கள். 1985-க்குப் பிறகு ஒருமுறைகூட பிளே-ஆஃப் சுற்றை எட்டாத அணி அது. அந்த ஆண்டு 162 ஆட்டங்களில் 72-ல்தான் வென்றிருந்தது. அது வில் மையர்ஸ், ஜேக் ஓடொரிஸி, மைக் மான்ட்கோமரி உட்பட நான்கு இளம் வீரர்களை டாம்பா பே அணிக்குக் கொடுத்துவிட்டு, ஜேம்ஸ் ஷீல்ட்ஸ், வேட் டேவிஸ் என்ற இரண்டு பிட்சர்களை (பந்துவீச்சாளர்களை) முக்கியமாகப் பெற்றது. கீழ்நிலை லீகுகளில் அந்த ஆண்டின் சிறந்த வீரர் மையர்ஸ்தான் என்று ‘பேஸ்பால் அமெரிக்கா’ இதழ் தேர்ந்தெடுத்திருந்தது. பரிமாற்றத்துக்கு மறுநாள்தான் அவருக்கு 22 வயது நிறைந்தது. ஷீல்ட்ஸுக்கோ 31 ஆகப் போகிறது. ராயல்ஸிடம் அவர் இருக்கப்போவது இரண்டே ஆண்டு. விதைநெல்லைக் குத்திச் சோறாக்கிய கதை என்றுதான் யாருக்கும் தோன்றும்.

ஆனால் பேஸ்பாலில் எல்லா வெற்றிக்கும் ஒரே விலை இல்லை. 65-லிருந்து 70 வெற்றிக்கு ஏறுகிற அணிக்குக் கிடைப்பது கொஞ்சம் கைதட்டல். 84-லிருந்து 89-க்கு ஏறுகிற அணிக்குக் கோப்பைக்கான கதவே திறக்கலாம். ஆக, அனுபவப் பிட்சரை வாங்குமுன் கேட்க வேண்டிய கேள்வி, அவர் எவ்வளவு நல்லவர் என்பதல்ல. நாம் இப்போது எந்தப் படியில் நிற்கிறோம் என்பது.

அதை அளக்க ஒரு சூத்திரம் இருக்கிறது. கேன்சஸ் மாநிலத்தில், டப்பா உணவுத் தொழிற்சாலை ஒன்றில் இரவுக் காவலராக இருந்துகொண்டே பேஸ்பால் புள்ளிவிவரங்களைக் குடைந்த பில் ஜேம்ஸ் தந்தது. அணி எடுத்த ரன்களின் வர்க்கத்தை, எடுத்த ரன், விட்டுக்கொடுத்த ரன் இரண்டின் வர்க்கங்களையும் கூட்டி வருகிற தொகையால் வகுத்தால், ஏறக்குறைய வெற்றி விகிதம் வந்துவிடும். பித்தாகரஸ் பெயரிலேயே இதை அழைக்கிறார்கள். நடைமுறையில், பத்து ரன் ஏறக்குறைய ஒரு வெற்றி. இட்டு நிரப்ப வந்த பிட்சரைவிட ஒன்பது இன்னிங்ஸுக்கு ஒரு ரன் குறைவாகக் கொடுக்கிறவர், ஆண்டுக்கு 225 இன்னிங்ஸ் வீசினால் 25 ரன் மிச்சம். அதாவது இரண்டரை வெற்றி. ஒரே ஆளிடமிருந்து அவ்வளவுதான். 72-ல் நிற்கிற அணியை அது தூக்கிவிடாது.

பிறகு ராயல்ஸ் ஏன் துணிந்தது? பேஸ்பாலின் உச்ச நிலையான மேஜர் லீகில் ஆறு ஆண்டு சேவை முடித்த வீரர், ஒப்பந்தம் தீர்ந்ததும் விருப்பப்பட்ட அணிக்குப் போகலாம். முதல் மூன்று ஆண்டுகளில் பெரும்பாலோருக்குக் குறைந்தபட்சத்தை ஒட்டிய சம்பளம்தான். இளம் வீரர்கள் பொக்கிஷமாவது இதனால்தான். ராயல்ஸின் இளம் பேட்டர்களான எரிக் ஹாஸ்மர், மைக் மூஸ்டாகஸ், சால்வடார் பெரெஸ் மூவரும் 2011-லேயே மேலே வந்துவிட்டார்கள். அவர்களுக்கான கடிகாரம் ஓடத் தொடங்கிவிட்டது. பேட்டர்கள் விளைந்தார்கள், பிட்சர்கள் விளையவில்லை. ஜான் லாம்ப் 2011-லும் டேனி டஃபி 2012-லும் முழங்கை அறுவைக்குப் போனார்கள்.

இதில் உடற்கூறும் இருக்கிறது. முழங்கையின் உட்புறம் எலும்போடு எலும்பைக் கட்டியிருக்கும் ஒரு சிறு நார், ஒவ்வொரு வேகப்பந்துக்கும் தன் அறுபடு வலிமையை ஒட்டிய சுமையைத் தாங்குகிறது. 1974-ல் டாமி ஜான் என்ற பிட்சரின் மறுகையிலிருந்து தசைநாண் எடுத்து, ஃபிராங்க் ஜோப் என்ற மருத்துவர் அந்த நாரைப் புதிதாகக் கட்டினார். அதுவரை நார் அறுந்தால் ஆட்டம் முடிந்தது என்று அர்த்தம். இளம் பிட்சர் எவரும் ஒரு பந்தயம்தான். ஷீல்ட்ஸோ தொடர்ந்து ஆறு ஆண்டு 200 இன்னிங்ஸுக்கு மேல் வீசிக் காட்டிய கை.

2012-ல் ராயல்ஸ் விட்டுக்கொடுத்தது 746 ரன். 2013-ல் 601. சூத்திரம் 87 வெற்றி என்றது, உண்மையில் 86. ஷீல்ட்ஸ் ஒருவரால் வந்ததல்ல இது. எர்வின் சான்டானா என்ற இன்னொரு பிட்சரும் வந்திருந்தார், ஃபீல்டிங்கும் கூர்மையாகியிருந்தது. என் பார்வையில் அதுவே இந்த முடிவின் நியாயம்: மற்றவை கூடிவரும் நேரத்தில்தான் அந்த இரண்டரை வெற்றிக்கு மதிப்பு.

சியாட்டில் மரைனர்ஸின் கதை தலைகீழ். 2007-ல் அவர்கள் 88 வென்றார்கள். ஆனால் எடுத்தது 794 ரன், கொடுத்தது 813. சூத்திரப்படி அது 79 வெற்றிக்கான அணி. வாசலில் நிற்பதாக நம்பி, ஆடம் ஜோன்ஸ், கிறிஸ் டில்மன் உட்பட ஐந்து பேரைப் பால்டிமோர் அணிக்குக் கொடுத்து எரிக் பெடார்ட் என்ற பிட்சரை வாங்கினார்கள். அவர் காயத்தில் விழ, 2008-ல் 101 தோல்வி. ஜோன்ஸ் பால்டிமோருக்காக ஐந்து முறை ஆல்-ஸ்டார் ஆனார்.

ராயல்ஸிடமும் அதிர்ஷ்டம் இல்லாமலில்லை. மையர்ஸ் 2013-ன் சிறந்த புதுமுகமானபோது விமர்சகர்கள் சொன்னது சரி என்றே தோன்றியது. டேவிஸ் அந்த ஆண்டு தொடக்கப் பிட்சராகத் தடுமாறினார். 2014-ல் ஆட்டத்தின் கடைசிப் பகுதிக்கு மாற்றினார்கள். ஒன்பது இன்னிங்ஸுக்குச் சராசரியாக ஒரே ஒரு ரன் கொடுத்தார். அந்த ஆண்டு இறுதிச் சுற்றான உலகத் தொடரின் ஏழாவது ஆட்டம்வரை போய்த் தோற்ற அணி, 2015-ல் ஷீல்ட்ஸ் விலகிப்போன பிறகு கோப்பையை வென்றது. கடைசி அவுட்டை எடுத்தவர் டேவிஸ். (2016-ல் சிகாகோ கப்ஸுக்காகக் கடைசி அவுட்டை எடுத்தது, இதே பரிமாற்றத்தில் போன மான்ட்கோமரி!)

2023-ல் ராயல்ஸ் மறுபடி பாதாளத்தில்: 56 வெற்றி. அந்தக் குளிர்காலத்தில் செத் லூகோ, மைக்கேல் வாகா என்ற இரண்டு அனுபவப் பிட்சர்களைப் பணம் கொடுத்தே எடுத்தார்கள். அதற்காக ஒரு இளம் வீரரையும் இழக்கவில்லை. 2024-ல் 86 வெற்றி. 2013-ல் வீட்டுக்கு அனுப்பிய அதே எண், இந்த முறை அவர்களைப் பிளே-ஆஃபுக்கு உள்ளே விட்டது.